பாட்டில்நெக்குக்குத் தமிழ்: முட்டுக்கட்டையா, இடுக்கா, முட்டிடமா?

குழுவினருக்கு வணக்கம்.

குறைந்த செலவில் கேமிங் கணினி பூட்டுவோருக்கான கையேட்டின் தமிழ் வரைவு பாதி முடிந்திருக்கிறது. செயலி, தாய்ப்பலகை, நினைவகம் எல்லாம் பழகிய சொற்கள். எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி), கேபினட், கார்டு (கிராபிக்ஸ் கார்டு) மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் போய் ‘மின்வழங்கி’ என்று கேட்டால் யுபிஎஸ்ஸை எடுத்து வைப்பார்கள்.

தகராறு ஒரு சொல்லில்தான்: பாட்டில்நெக், அதாவது ஓரிடத்தில் குறுகுவதால் மொத்த வேகமும் அதற்கு மேல் ஏறாமல் நிற்பது. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வரைவில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்: புட்டிக்கழுத்து, முட்டுக்கட்டை, இடையூறு. சொல்லைச் சோதிக்க மூன்று வாக்கியங்கள் தருகிறேன். மூன்றிலும் எது உட்காருகிறதோ அதை எடுத்துக்கொள்வோம். (1080பி, 1440பி என்பவை திரையின் புள்ளி அளவுகள்; ராம் ஸ்டிக் என்பது நினைவகப் பட்டை.)

“ஐ3 12100எஃப் செயலி, ஆர்எக்ஸ் 6600 கார்டை பாட்டில்நெக் பண்ணுமா?”
“1080பி-யில் செயலி பாட்டில்நெக், 1440பி-யில் கார்டு பாட்டில்நெக்.”
“ஒரே ராம் ஸ்டிக் போட்டதால் பாட்டில்நெக்.”

— வரைவுத் தொகுப்பு, வேளச்சேரி

——

மறு: பாட்டில்நெக்

புட்டிக்கழுத்தை முதலில் தள்ளிவிடலாம். தமிழில் புட்டி என்றால் ஒன்று பால்புட்டி, இல்லையென்றால் டாஸ்மாக். கழுத்து குறுகலாக இருப்பதால் ஓட்டம் குறைகிறது என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் எழவே எழாது.

முட்டுக்கட்டை நல்ல சொல், ஆனால் வேறு வேலைக்கானது. பங்குனியில் கபாலீசுவரர் தேர் மாட வீதியில் திரும்பும்போது பாருங்கள். சக்கரத்தின் அடியில் ஒருவர் வேண்டுமென்றே கட்டையைக் கொடுக்கிறார், தேர் நிற்கிறது, அல்லது திசை மாறுகிறது. வெளியிலிருந்து வருவது, திட்டமிட்டு வைப்பது, நிறுத்துவது. பாட்டில்நெக்கில் இந்த மூன்றுமே இல்லை. விளையாட்டு ஓடத்தான் செய்கிறது. ஓரளவுக்கு மேல் ஓடுவதில்லை, அவ்வளவுதான். இடையூறும் இதே காரணத்தால் பொருந்தாது.

என் பரிந்துரை இரண்டு: இடுக்கு, குறுமடை. பெரிய வாய்க்காலில் எவ்வளவு நீர் வந்தாலும் சின்ன மடை விடுகிற அளவுதான் வயலுக்குப் போகும். நகரத்தாருக்கு மழைநீர் வடிகாலைச் சொன்னால் புரியும். தெருவில் அகலமான வடிகால் கட்டிவிட்டு, முனையில் பழைய குறுகிய குழாயிலேயே சேர்த்தால் தண்ணீர் தெருவில்தான் நிற்கும்.

— அகராதிப் பணி, மயிலாப்பூர்

——

மறு: மறு: பாட்டில்நெக்

ஐயா சொன்ன வடிகால் உவமை சரி. ஆனால் ‘இடுக்கு’ எங்கள் தொழிலில் வேறு பொருளில் ஓடுகிறது. “கேபினட் இடுக்கில் தூசி”, “கார்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இடுக்கு போதவில்லை” என்று தினமும் சொல்கிறோம். கையேட்டிலும் அந்த வாக்கியங்கள் வரும், குழம்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்கு வருபவர்கள் பாட்டில்நெக் என்பதை ஒரு பொருளின் குணமாக நினைக்கிறார்கள். “இந்த செயலி பாட்டில்நெக்காமே, வேண்டாம்” என்று. அப்படி ஒரு பொருள் கிடையாது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள கார்டு. தாய்ப்பலகையோடு பேச அதற்கு இருப்பவை பிசிஐஇ 4.0 என்ற இணைப்பு வழியின் 4 தடங்கள் மட்டும், நொடிக்குச் சுமார் 8 ஜிபி. இதை பி450 வகைத் தாய்ப்பலகையில் செருகினால் அந்தப் பலகை பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் பேசும். தடம் அதே 4, அளவு பாதி: நொடிக்குச் சுமார் 4 ஜிபி. 4 ஜிபி நினைவகம் நிரம்பாத விளையாட்டில் இது பெரிதாகத் தெரியாது. டெக்ஸ்சரை (காட்சியின் மேற்பரப்புப் படங்களை) ‘ஹை’ வைத்ததும் நிரம்பி, மிச்சத்தை ராமிலிருந்து இழுக்கும். கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 144 ஜிபி கொடுக்கும். இழுக்கிற வழியோ 4 ஜிபி. படம் விக்கி விக்கி வரும்.

வாங்குபவர் பி550 பலகை வாங்கித் தப்பித்ததாக நினைப்பார். அதில் ரைசன் 5 5500 அல்லது 5600ஜி போட்டிருந்தால் மறுபடி அதே கதை, ஏனென்றால் அந்த இரண்டு செயலிகளும் 3.0-தான். 5600 போட்டால்தான் 4.0 வரும். இப்போது சொல்லுங்கள், கார்டு குற்றவாளியா, பலகையா, செயலியா? மூன்றும் தனித்தனியாக நல்ல பொருள்கள். சேரும் இடத்தில் குறுகுகிறது. சொல் பொருளைக் காட்டாமல் இடத்தைக் காட்ட வேண்டும்.

— அசெம்பிளி வேலை, சிந்தாதிரிப்பேட்டை

——

மறு: மறு: மறு: பாட்டில்நெக்

> சொல் பொருளைக் காட்டாமல் இடத்தைக் காட்ட வேண்டும்.

இதோடு ‘எப்போது’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே கணினியில் அதே விளையாட்டில் நகரச் சந்தைக்குள் நுழைந்தால் செயலி திணறும். வெட்டவெளிக்கு வந்தால் கார்டு திணறும். முதல் மடலின் இரண்டாவது வாக்கியம் இதைத்தான் சொல்கிறது. 1920×1080 என்றால் 20,73,600 புள்ளிகள். 2560×1440 என்றால் 36,86,400, அதாவது கார்டுக்கு ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை. செயலியின் வேலையோ கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. திரையை மாற்றினாலே சிக்கல் இடம் மாறிவிடுகிறது.

கண்டுபிடிக்கும் முறையைக் கையேட்டில் இப்படி எழுதலாம். முதலில் வி-சிங்க் (படங்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு), எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) வரம்பு இரண்டையும் அணையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க் போட்டு, “கார்டு 55 சதவீதம்தான் ஓடுது, செயலி இழுத்துப் பிடிக்குது” என்று புலம்புகிறவர்கள் நிறைய. அங்கே இழுத்துப் பிடிப்பது மானிட்டர். பிறகு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 97–99 சதவீதத்தில் நின்றால் எல்லை கார்டுதான். அதற்குக் கீழே ஊசலாடினால் ரெண்டர் அளவை (கார்டு வரையும் படத்தின் அளவை) 100-இலிருந்து 50 சதவீதத்துக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையா? எல்லை செயலியிலோ ராமிலோ இருக்கிறது.

டாஸ்க் மேனேஜர் காட்டும் செயலி சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச்சரம்) உள்ள செயலியில் விளையாட்டின் முக்கிய த்ரெட் ஒன்று முழுமூச்சாக ஓடினாலும், மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதம்தான். “செயலி 35 சதவீதம்தானே, அது எப்படி எல்லையாகும்” என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

சொல்லுக்கு வருகிறேன். பேச்சில் நாம் ஏற்கெனவே என்ன சொல்கிறோம்? “98-இல் முட்டி நிக்குது” என்கிறோம். முட்டுச்சந்து இருக்கிறது, கையில் காசு இல்லாததைக் கைமுட்டு என்பார்கள். எல்லையைத் தொட்டு நிற்பது, போதாமை, இரண்டு பொருளும் ‘முட்டு’ என்ற வேரில் உண்டு. செயலிமுட்டு, கார்டுமுட்டு, நினைவகமுட்டு என்று சேர்த்தும் எழுதலாம்.

— நிரலாளர், தரமணி

——

மறு: முட்டு?

நல்ல வேர். ஆனால் இன்றைய இணையத் தமிழில் ‘முட்டு’ என்றதும் முட்டுக் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். “ஏஎம்டி-க்குச் செயலிமுட்டு” என்று எழுதினால் ரசிகர் சண்டை என்று நினைத்து நான்கு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். முட்டுக் கொடுத்தல் என்றால் தாங்கிப் பிடிப்பது. நமக்கு வேண்டிய பொருளுக்கு நேர் எதிர்.

இடத்தைச் சேர்த்துவிட்டால் சிக்கல் தீரும்: முட்டிடம். “முட்டிடம் எங்கே?” என்று கேட்கலாம். “முட்டிடம் செயலியிலிருந்து கார்டுக்கு மாறியது” என்று எழுதலாம். வினை தேவைப்பட்டால் “செயலியில் முட்டுகிறது”. சிந்தாதிரிப்பேட்டை நண்பர் கேட்ட இடமும் வந்துவிட்டது, ஒரு பொருளைத் திட்டுகிற தொனியும் போய்விட்டது. குறுமடையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மடை என்பது ஆள் திறந்து மூடுவது, இது அப்படியல்ல.

மடை போனதில் இன்னொரு காரியத்துக்கு வழி பிறக்கிறது. வரைவில் ‘தெர்மல் த்ராட்லிங்’ என்பதையும் சிலர் பாட்டில்நெக் கணக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். அது வேறு. செயலி சூடேறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உண்மையிலேயே மடையை இறக்குவது போலத்தான். ‘வெப்பமடை’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன். சேர்த்து எழுதினால் ‘வெப்பம் அடை’ என்று படிப்பார்கள், பொருள் தலைகீழாகும். ‘வெப்பத் தணிப்பு’ கூலருக்குப் போய்விடும். ‘சூட்டொடுக்கம்’ எப்படி? சூட்டில் தானே ஒடுங்குகிறது.

— அகராதிப் பணி, மயிலாப்பூர்

——

மறு: முட்டிடம், சூட்டொடுக்கம்

இரண்டும் ஓடும். சூட்டொடுக்கத்தைத் தனியாக வைப்பது இந்த ஊருக்கு ரொம்பத் தேவை. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையே 36, 37 டிகிரியில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்று உள்ளே வர வழியில்லாத கேபினட்டை விளக்கு அழகுக்காக வாங்குகிறார்கள். 12100எஃப் 100 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கும். வாங்கியவர் “செயலி பத்தவில்லை” என்று ஐ5-க்குப் பணம் சேர்க்கப் பார்ப்பார். முன்னால் காற்று இழுக்க ஒரு 120 மிமீ ஃபேன் போட்டு, தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பல நேரம் தீர்ந்துவிடும். விலை மலிந்த பலகைகளில் வேறொரு தொல்லை: செயலிக்கு மின்சாரம் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க் இருக்காது. அது சுட்டாலும் செயலி ஒடுங்கும், செயலியின் சூடு 70 டிகிரி என்று காட்டினாலும்கூட. இந்த ஒரு வரியைக் கையேட்டில் கட்டாயம் சேருங்கள்.

மூன்றாவது வாக்கியம், ஒற்றை ஸ்டிக். டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் (செயலிக்குப் போகும் ஒரு வழியில்) நொடிக்கு 25.6 ஜிபி; இரண்டு சேனலில் 51.2. அதனால் ஒரு 16 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 8 ஜிபி நல்லது. நான்கு ஸ்லாட் உள்ள பலகையில் செயலியிலிருந்து எண்ணி 2, 4-இல் செருக வேண்டும். 1, 2-இல் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் விழுந்து, ஒற்றை ஸ்டிக் போட்ட கதைதான். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை) ஆன் செய்யாவிட்டால் 3200 ஸ்டிக் பல பலகைகளில் 2133, 2400, 2666 என்று ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. இங்கெல்லாம் “ராமில் முட்டுகிறது” என்று எழுதினால் சரியாக உட்காருகிறது.

ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் போதாவிட்டால் எஃப்பிஎஸ் குறையாது, கணினி பொட்டென்று அணையும். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், 12100எஃப்-க்கு உச்சத்தில் 89 வாட், மற்றவற்றுக்கு ஓர் 50 வாட் வைத்தாலும் நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். எஸ்எஸ்டி-க்கும் இந்தச் சொல் வேண்டாம். சாட்டா எஸ்எஸ்டி-யிலிருந்து அதைவிட வேகமான என்விஎம்இ வகைக்கு மாறினால் லோடிங் நேரம் குறையும், எஃப்பிஎஸ் ஏறாது. அந்த வித்தியாசப் பணத்தைக் கார்டில் போடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எச்டிஎம்ஐ கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள செயலியில், கேபிளைப் பலகையில் செருகிவிட்டு “கார்டு முட்டுது” என்று வருபவர்களுக்கு எந்தக் கலைச்சொல்லும் உதவாது.

— அசெம்பிளி வேலை, சிந்தாதிரிப்பேட்டை

——

மறு: முட்டிடம், சூட்டொடுக்கம்

முட்டிடம் என்றே வரைவில் மாற்றத் தொடங்கிவிட்டேன். மூன்று சோதனை வாக்கியங்களும் இப்போது இப்படி நிற்கின்றன:

“12100எஃப்-உம் ஆர்எக்ஸ் 6600-உம் சேர்ந்தால், நீங்கள் ஆடும் விளையாட்டில் முட்டிடம் எங்கே வரும்?”
“1080பி-யில் செயலியில் முட்டுகிறது; 1440பி-யில் முட்டிடம் கார்டுக்கு மாறுகிறது.”
“ஒரே ராம் ஸ்டிக் போட்டதால் ராமில் முட்டுகிறது.”

முதல் வாக்கியம் கேள்வியையே மாற்றிக்கொண்டது. பழைய வடிவத்துக்கு ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்லிவிடலாம். இதற்கு எந்த விளையாட்டு, எந்தத் திரை என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். கையேட்டில் அந்தப் பத்திக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கிறேன். செயலிமுட்டு, கார்டுமுட்டு என்ற கூட்டுச்சொற்களை அட்டவணைத் தலைப்புகளில் மட்டும் வைத்திருக்கிறேன், அங்கே இடம் குறைவு. தரமணி நண்பர் மறுத்தால் சொல்லட்டும்.

எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ‘பாட்டில்நெக்’ ஐந்து இடங்களில் வருகிறது. அங்கே சொல்லை மாற்றினால் போதாது, வாக்கியங்களையே எடுத்துவிட்டு வேறு எழுத வேண்டும். அந்தப் பக்கத்தையும் விஆர்எம் வரியையும் சிந்தாதிரிப்பேட்டை நண்பர் எழுதி அனுப்பினால் சேர்த்துவிடுகிறேன்.

— வரைவுத் தொகுப்பு, வேளச்சேரி