அம்மாவோடு நடக்க எளிதான கடலோரப் பாதை எது? (மொரீசியஸ்)

திருச்சிப்பொண்ணு:
வணக்கம். நான் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். ஜூலையில் அம்மா திருச்சியிலிருந்து வருகிறார். வயது 64. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் தினமும் காவிரிக்கரையில் நடப்பவர். கடலைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும், கடைசியில் மணலில் உட்கார வேண்டும், கால் நனைக்க வேண்டும். மலையேற்றம் வேண்டாம். எங்களிடம் கார் இல்லை. எங்கே கூட்டிப்போகலாம்?

மேற்குக்கரை:
லெ மோர்ன் பொதுக் கடற்கரை சமதளம்தான் தங்கச்சி. மலைப்பாதைப் பக்கம் போகாமல் சவுக்குத் தோப்பு வழியாகவே நடக்கலாம். பேருந்தில் போய்வர நாள் முழுக்க ஆகிவிடும், அதுதான் சிரமம்.

சவான்காரன்:
அம்மாவைத் தெற்கே சூயாக்குக்குக் கூட்டி வாங்க. ரோஸ் ஹில்லிலிருந்து க்யூர்பிப், அங்கே பேருந்து மாறினால் சூயாக். ஊருக்குள்ளிருந்து கிரி கிரி கடற்கரைக்கு ஒரு டாக்ஸி பிடியுங்கள், ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

கிரி கிரியில் இறங்கியதும் மணலுக்குப் போய்விடாதீர்கள். முதலில் பாறை மேட்டின் மேலேயே கிழக்குப் பக்கம் நடங்கள். புல்வெளி, சவுக்கு மரங்கள், கீழே கறுப்புப் பாறை. மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் ரோஷ் கி ப்ளேர், அதாவது 'அழும் பாறை', வந்துவிடும். அலை பாறை மேல் ஏறி, திரும்பும்போது முகத்தில் கண்ணீர் வழிவதுபோலத் தண்ணீர் இறங்கும். அந்த முகம் சூயாக்கில் வாழ்ந்த கவிஞர் ராபர்ட் எட்வர்ட் ஹார்ட்டின் சாயல் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். 1954-இல் இறந்தவர். பவளக் கல்லால் கட்டிய அவர் வீடு சூயாக்கிலிருந்து கிரி கிரிக்கு வரும் வழியிலேயே இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம்.

இந்தத் தீவில் பெரும்பாலான கரைகளைப் பவளத்திட்டு காக்கிறது. அலை தூரத்திலேயே உடைந்துவிடும், உள்ளே குளம்போலத் தண்ணீர். கிரி கிரியில் அந்தத் திட்டு இல்லை. தெற்கே நேராகப் போனால் அண்டார்க்டிகா வரை குறுக்கே நிலமும் கிடையாது. அந்தப் பெருங்கடலில் எழும் அலை நேராக நம் காலடிப் பாறையில் வந்து மோதும். ஜூலையில் தென்கிழக்குக் காற்றும் சேர்ந்துகொள்வதால் பார்க்க அதுதான் நல்ல காலம். என் மனசுக்கு இந்தத் தீவிலேயே கடலின் பலம் தெரிகிற இடம் இதுதான்.

அதனாலேயே அங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. நாலைந்து சின்ன அலைகளுக்குப் பிறகு திடீரென்று ஒன்று பெரிதாக வரும், ஈரப் பாறையில் நிற்பவரை இழுத்துவிடும். பாறை ஈரமாக இருந்தால், அலை அங்கே எட்டுகிறது என்று அர்த்தம். காய்ந்த இடத்திலேயே நில்லுங்கள்.

திருச்சிப்பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணா. அப்போ கால் நனைக்கிறது எங்கே? அதைத்தான் அம்மா போன வாரமும் போனில் கேட்டார்.

சவான்காரன்:
திரும்பி வந்து படியிறங்கி, கிரி கிரி மணலில் மேலே காய்ந்த பகுதியில் உட்காரட்டும், சாப்பிடட்டும். கால் நனைக்க ரியாம்பெல் போங்கள். சூயாக்குக்கு மேற்கே, டாக்ஸியில் சில நிமிடம்தான். அங்கே திட்டு இருக்கிறது, நீண்ட வெள்ளை மணல். அங்கேயும் நீரோட்டம் உண்டு, அதனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போக வேண்டாம்.

செண்பகம்:
ஒன்றிரண்டு சொல்கிறேன்ம்மா. மேட்டில் காற்று பலமாக அடிக்கும். அம்மா சேலை கட்டுபவர் என்றால் தலைப்பை நன்றாகச் செருகி, மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டுவிடு. ஜூலை இங்கே குளிர்காலம் என்பதை ஊரிலிருந்து வருபவர்கள் நம்பவே மாட்டார்கள். முழங்கால் வலிக்குச் சமதளம் ஒன்றும் செய்யாது, அந்தப் படிகள்தான் வலிக்கும். கையைப் பிடித்து மெதுவாக இறக்கு. வலி அதிகமானால் படியை விட்டுவிட்டு நேரே ரியாம்பெல் போ, அங்கே மணல் சாலைக்குப் பக்கத்திலேயே.

காலையிலேயே கிளம்புங்கள். ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், தெற்குப் பக்கப் பேருந்துகளும் சீக்கிரம் நின்றுவிடும்.