அப்பாவின் ரெக்கார்டில் கேட்ட பாட்டு இப்போது மெதுவாகக் கேட்கிறதே, ஏன்?

பழுப்புஅட்டை எழுதியது:

வணக்கம். ரொம்ப வருடமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிற ஒரு விஷயம், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அப்பாவிடம் பதினைந்து இருபது எல்பி ரெக்கார்டுகள் இருந்தன. பெரும்பாலும் எழுபதுகளின் சாஃப்ட் ராக், அதாவது மென்மையான ராக் பாட்டுகள்தான்: கார்பென்டர்ஸ், பிரெட், கரோல் கிங், ஜேம்ஸ் டெய்லர். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஏதாவது ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கம் மட்டும் ஓடும், அது முடிவதற்குள் நானும் அக்காவும் தூங்கிவிட வேண்டும். அக்கா தூங்கிவிடுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, கடைசிப் பாட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் 'டக்... டக்...' என்று சுற்றிக்கொண்டிருப்பதையும், அப்பா எழுந்து வந்து முள் பொருத்திய பிளேயரின் கையைத் தூக்கி வைப்பதையும் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

எனக்குப் பிடித்தது கார்பென்டர்ஸின் 1971 ஆல்பம், பழுப்பு அட்டை. முதல் பக்கத்தில் முதல் பாட்டு 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்'. அந்த ஹார்மோனிகா ஆரம்பிக்கும்போதே நெஞ்சுக்குள் என்னவோ செய்யும்.

அப்பா காலமான பிறகு ரொம்ப நாள் அதைக் கேட்கவே இல்லை. அப்புறம் ஒருநாள் போனில் தேடிப் போட்டேன். அதே பாட்டு, அதே குரல், ஆனால் என்னவோ இழுக்கிற மாதிரி இருந்தது. குரல் கனமாக இருந்தது, பாட்டு முடிய நேரமெடுத்தது. டிஜிட்டலில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் போல, ரெக்கார்டில் கேட்டால் சரியாகிவிடும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்கி, அக்கா வீட்டில் இருந்த அதே ரெக்கார்டை எடுத்து வந்து, கை நடுங்க முள்ளை வைத்தேன். போனில் கேட்ட மாதிரியேதான் இருக்கிறது. அதே இழுவை.

ரெக்கார்டு தேய்ந்துவிட்டதா, என் காது மாறிவிட்டதா, இல்லை நான் நினைவில் வைத்திருக்கிற பாட்டே கற்பனையா? அந்தக் கடைசிக் கேள்விதான் தூங்கவிடாமல் செய்கிறது.

முள்முனை எழுதியது:

கற்பனை இல்லை, கவலைப்படாதீர்கள். ரெக்கார்டும் காரணம் இல்லை. தேய்ந்தால் சத்தம் மங்கும், 'ஸ' வருகிற இடமெல்லாம் கரகரக்கும், ஆனால் சுருதி இறங்காது. சுருதியும் வேகமும் ரெக்கார்டு உட்காரும் தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை மட்டுமே பொறுத்தவை. போனில் கேட்டதும் புது டர்ன்டேபிளில் கேட்டதும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியென்றால் அவை இரண்டும் சரியான வேகம். அப்பாவின் பிளேயர்தான் வேகமாக ஓடியிருக்கிறது என்று தோன்றுகிறது.

இது அபூர்வமே இல்லை. பெல்ட்டில் ஓடுகிற பிளேயரில் பழைய பெல்ட் போய், அதைவிடத் தடிமனான ஒன்றைப் போட்டால் தட்டு கொஞ்சம் வேகமெடுக்கும், ஏனென்றால் மோட்டார் புல்லியின் (பெல்ட்டைச் சுழற்றும் சின்னச் சக்கரம்) மேல் தடிப்பான பெல்ட் ஏறினால் புல்லியே பெருத்த மாதிரிதான். டிசி மோட்டார் உள்ளவற்றில் வேகத்தைச் சரிசெய்ய அடியில் சின்ன ஓட்டைக்குள் ஒரு திருகு இருக்கும், யாராவது அதைத் திருப்பியிருக்கலாம். மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடும் ஏசி மோட்டார் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது: 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த பிளேயரை 60 ஹெர்ட்ஸ் இணைப்பில் போட்டால் 20 சதவீதம் வேகமாக ஓடும், பாடுகிறவர் குழந்தைக் குரலில் பாடுவார். உங்களுக்கு அப்படி இல்லை, இருந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உங்களுடையது யாரும் கவனிக்காத அளவு சின்ன வித்தியாசம், அதனால்தான் அது அப்படியே உங்கள் பாட்டாகிவிட்டது.

பழைய பிளேயர் இன்னும் இருக்கிறதா? இருந்தால் கருவி எதுவும் இல்லாமலே அளக்கலாம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. ரெக்கார்டின் நடுவில் லேபிள் மேல் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து 100 எண்ணுங்கள். முள் ரெக்கார்டின் மேல் இருக்கும்போதே எண்ண வேண்டும், வெறும் தட்டு சுற்றுவதை எண்ணினால் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

நினைவைப் பற்றி ஒன்று. டேனியல் லெவிட்டின் என்ற உளவியல் ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 46 பேரிடம் தங்களுக்குப் பழகிய பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார்கள். 40 சதவீதம் பேர் ஒரு முறையாவது மூலப் பதிவின் சுருதியை அப்படியே பிடித்துவிட்டார்கள். பலமுறை கேட்ட பாட்டின் சுருதி நம் எல்லோருக்குள்ளும் பதிந்துதான் இருக்கிறது. உங்கள் காதை நம்புங்கள்.

பிசைடு எழுதியது:

கேள்வியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. வேகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த 'டக்... டக்...' எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு வேறொரு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் சுரம் மனதில் தானாக எழும். கரோல் கிங்கின் 'டேப்பஸ்ட்ரி' ஆல்பத்தில் எந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் சரி, அது முடிகிற இடத்தில் அடுத்தது வராவிட்டால் படியில் கால் வைக்கப் போய் படி இல்லாத மாதிரி இருக்கும். 'யூ ஹேவ் காட் எ ஃபிரெண்ட்' அவர் எழுதியது, அதே 1971இல் ஜேம்ஸ் டெய்லரும் பாடி அது முதலிடத்துக்குப் போனது. எது சிறந்தது என்று பெரிய வாக்குவாதங்கள் கேட்டிருக்கிறேன். எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, எழுதியவர் பாடியதுதான். டெய்லர் ஆறுதல் சொல்கிறார், கரோல் கிங் கூடவே உட்கார்ந்திருக்கிறார்.

அப்பாவின் ரெக்கார்டுகளில் பிரெட் இருக்கிறது என்கிறீர்களே, 'எவ்ரிதிங் ஐ ஓன்' பாட்டு அதில் உண்டா? எல்லோரும் அதைக் காதல் பாட்டு என்றுதான் நினைக்கிறார்கள், நானும் பாதி வாழ்க்கை அப்படித்தான் நினைத்தேன். பிரெட் குழுவின் டேவிட் கேட்ஸ் அதை இறந்துபோன தன் அப்பாவை நினைத்து எழுதினார். அது தெரிந்த பிறகு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தைகூட மாறியிருக்காது, பாட்டு மொத்தமும் மாறியிருக்கும்.

தடம்33 எழுதியது:

முள்முனை சொன்ன கணக்கு சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கேளுங்கள். அந்தப் பழைய பிளேயரில் கார்பென்டர்ஸ் ரெக்கார்டை வைக்காதீர்கள்! இத்தனை வருடம் கிடந்த முள் தேய்ந்திருக்கும், அதன் கை எத்தனை கிராம் எடையை அழுத்துகிறது என்பதும் தெரியாது. நல்ல பிளேயரில் அது பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம் வரைதான். தேய்ந்த முள்முனை உளி மாதிரி, தடத்தின் சுவரைச் செதுக்கிவிடும். செதுக்கியது திரும்ப வராது. எண்ணுவதற்கு ஏற்கெனவே கீறிப்போன, யாருக்கும் வேண்டாத ஒரு ரெக்கார்டைப் போடுங்கள்.

தேய்மானம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபிளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' (1977) பதிவு செய்தபோது டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஓட்டி அதன் பூச்சே உதிர ஆரம்பித்து, டிரம்ஸின் கூர்மை மங்கிவிட்டது. நல்லவேளையாக ஆரம்பத்திலேயே எடுத்து வைத்த இன்னொரு பிரதி இருந்தது. இரண்டையும் காதால் கேட்டுக் கேட்டுக் கையாலேயே ஒன்றோடொன்று பொருத்தித்தான் ஆல்பத்தைக் காப்பாற்றினார்கள். நம் வீட்டு ரெக்கார்டுக்கு அப்படிப் பிரதி எதுவும் இல்லை.

புது டர்ன்டேபிளில் போடும் முன்பும் ரெக்கார்டைச் சுத்தம் செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீர், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி போதும், தடம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது, லேபிள் நனையக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். சாஃப்ட் ராக்குக்கு இது ரொம்ப முக்கியம். சத்தமான பாட்டில் தூசியின் பொரிச்சல் அமுங்கிவிடும், இந்த மாதிரிப் பாட்டில் ஒரு குரல், ஒரு பியானோ, நடுவில் மௌனம், அந்த மௌனத்தில் ஒவ்வொரு தூசியும் கேட்கும்.

இன்னொன்று. ரெக்கார்டின் வெளி ஓரத்தில் தடம் முள்ளுக்கு அடியில் வினாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 20 சென்டிமீட்டர்தான். ஒரே ஒரு வினாடிப் பாட்டை அத்தனை சின்ன இடத்தில் அடைக்க வேண்டும், அதனால் உள்ளே போகப் போகத் தெளிவு குறையும். ஆர்ப்பாட்டமான பாட்டுகளை ஓரத்தில் வைத்துவிட்டு மெதுவான பாட்டைப் பக்கத்தின் கடைசிக்குத் தள்ளுவது அதனால்தான் வழக்கமானது. விளக்கணைத்த பிறகு தூக்கத்தின் விளிம்பில் நீங்கள் கேட்டதெல்லாம் பெரும்பாலும் அந்த உள்வட்டப் பாட்டுகளாகத்தான் இருக்கும்.

மௌனவாசகர் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 10சிசி என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ஐம் நாட் இன் லவ்' (1975) பற்றி யாரும் சொல்லவில்லையே! பின்னணியில் பனிமூட்டம் மாதிரி வருகிற அந்தக் குரல்கள் இயந்திரம் செய்தவை அல்ல. குழுவில் மூன்று பேர் ஒவ்வொரு சுரத்தையும் 16 முறை 'ஆ' என்று பாடி, சுரத்துக்கு 48 குரல் சேர்த்து, டேப்பை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டு, மிக்ஸிங் மேசையையே ஒரு வாத்தியம் மாதிரி வாசித்திருக்கிறார்கள். ஒருமுறை ஹெட்ஃபோனில் கேளுங்கள், நடுவில் ஒரு பெண் குரல் கிசுகிசுக்கும், அது ஸ்டுடியோவின் வரவேற்பறையில் வேலை பார்த்தவருடைய குரல்.

பழுப்புஅட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய பிளேயர் அக்கா வீட்டுப் பரணில் இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் போகிறேன். தடம்33, எச்சரித்ததற்குத் தனியாக ஒரு நன்றி, நான் நிச்சயம் அதே ரெக்கார்டைத்தான் வைத்திருப்பேன்.

பழுப்புஅட்டை எழுதியது:

போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளேயரைத் துடைத்து மின்சாரம் கொடுத்ததும் சுற்றியது. அதையே நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கீறல் விழுந்த ஒரு ரெக்கார்டைப் போட்டு, லேபிளில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி, அக்கா எண்ண, நான் நேரம் பார்த்தேன். 100 சுற்றுக்கு 2 நிமிடம் 52 வினாடி. நம்பாமல் இன்னும் இரண்டு முறை எண்ணினோம், 2:52, 2:52. புது டர்ன்டேபிள் வீட்டில் சரியாக 3:00 காட்டியது. கணக்குப் போட்டால் அப்பாவின் பிளேயர் சுமார் 4.7 சதவீதம் வேகம், சுருதியில் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடுகிற அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் பத்து வினாடி முன்னதாகவே முடிந்திருக்கிறது. பெல்ட் ஒருமுறை அறுந்து அப்பா எங்கிருந்தோ வேறொன்று வாங்கிவந்து மாட்டியது அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறது. காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ரெக்கார்டைத் துடைத்துக் காயவைத்து, முதலில் சரியான வேகத்தில் முழுப்பக்கமும் கேட்டேன். இந்த முறை இழுவையாகத் தெரியவில்லை. கார்பென்டர்ஸின் பாடகி கேரன் கார்பென்டரின் குரல் இவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அடிச்சுரத்துக்கு இறங்குகிற இடங்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. 32 வயதில் போய்விட்டவர். இத்தனை வருடம் அவருடைய குரலைவிடக் கொஞ்சம் மேலே இருந்த ஒரு குரலைத்தான் நான் கேரன் என்று நினைத்திருக்கிறேன்.

அப்புறம், புது டர்ன்டேபிளின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சறுக்குப் பட்டி இருக்கிறது, கூட்டல் 8 சதவீதம் வரை போகும். அதை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிறுத்தி, அக்காவை போனில் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்து முள்ளை இறக்கினேன். ஹார்மோனிகா வந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டேய், விளக்கை அணைச்சியா?" என்றாள்.

பிசைடு, பிரெட் ரெக்கார்டை இன்னும் போடவில்லை. அது இருக்கிறது, அந்தப் பாட்டும் அதில் இருக்கிறது. அடுத்த தடவை அக்கா வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிறோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

முள்முனை எழுதியது:

மூன்று முறையும் 2:52 வந்தது என்றால் அந்த மோட்டார் இன்னும் ஆரோக்கியமாக இருக்கிறது. பெல்ட்டை மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். முள்ளை மட்டும் புதிதாக மாற்றி, கையின் எடையைச் சரிபார்த்துவிட்டால் அதிலேயே பழுப்பு அட்டையைப் போடலாம். பிளேயரின் மாடல் எண் அடிப்பலகையில் இருக்கும், எழுதி அனுப்புங்கள், எந்த முள் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.