முத்துப்பிள்ளையா, குமிழ்க்கர்ப்பமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நச்சுக்கொடித் திசு குமிழ்களாகப் பெருகிவிடும், பிழைக்காத கர்ப்பத்தை ஆங்கிலத்தில் ‘மோலார் பிரக்னன்சி’ என்பார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘முத்துச்சூல்’ என்று போடலாம் என முன்பு சொல்லியிருந்தேன். “முத்துப்பிள்ளை என்ற சொல் இருக்க, புதிதாக எதற்கு?” என்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப்பக்கம் செவிலியராக இருக்கும் எனக்கு அந்தச் சொல்லால் வந்த சிக்கலைச் சொல்கிறேன்.

கடற்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவுக்கு மூன்றாம் மாதத்தில் உதிரப்போக்கு. வாந்தி நிற்கவில்லை, வயிறும் மாதக்கணக்கை மீறிப் பெரிதாக இருந்தது. ஸ்கேனில் கருவே இல்லை. கருப்பை முழுக்கப் பனி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கர்ப்பத்தில் சுரக்கும் ஹெச்சிஜி ஹார்மோன் ரத்தத்தில் எக்கச்சக்கம். உறிஞ்சி எடுத்து, திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்க்க வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னோம். இரண்டு தடவை வந்தார், அப்புறம் காணோம். வீடு தேடிப் போனால், “பிள்ளைதான் போயிருச்சே, இனி எதுக்கும்மா ரத்தம்?” என்றார்.

அந்தப் ‘பிள்ளை’தான் தவறு. இதில் முழு, பகுதி என்று இரண்டு வகை. முழு வகையில் தாயின் மரபுப்பொருள் இல்லாத முட்டையில் விந்தணு சேர்கிறது. கரு உருவாவதில்லை, நச்சுக்கொடித் திசுதான் நீர் கோத்த குமிழ்களாகப் பெருகுகிறது. பகுதி வகையில் ஒரு முட்டையில் இரண்டு விந்தணுக்கள். 46க்குப் பதில் 69 குரோமோசோம். அந்தக் கருவும் பிழைக்காது. எடுத்த பிறகும் மிச்சத் திசு வளர்ந்து புற்றாகலாம். முழு வகையில் 100க்குச் சுமார் 15 பேருக்கு மேல்சிகிச்சை தேவைப்படுகிறது. நேரத்தில் கண்டால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்திலேயே குணமாகிவிடும். கண்டுபிடிக்க அந்த ரத்தப் பரிசோதனைதான் வழி. அது முடியும்வரை அடுத்த கர்ப்பமும் கூடாது.

நான் முன்பு சொன்ன ‘முத்துச்சூல்’ஐ விட்டுவிடுகிறேன். முத்துக் குளித்த கரை இது, முத்து என்றால் செல்வம். ‘மோலார்’ என்பதன் வேரான லத்தீன் ‘மோலா’ திரிகைக்கல்லைக் குறிக்கும். கடைவாய்ப்பல்லுக்குப் பொருந்தும், நமக்கு உதவாது.

சொல் அந்த அக்காவிடமிருந்தே வந்தது. நான் விளக்கிக்கொண்டிருக்க, முற்றத்தில் காய்ந்த கட்டக்கோரை என்ற கடற்பாசியில் ஒரு கொத்தைப் பிய்த்து, மிளகு அளவிலிருந்த காற்றுப்பையை நகத்தால் நசுக்கினார். “இந்தக் குமிழு மாதிரி உள்ள வளந்துச்சா? ஒண்ணு ஒட்டியிருந்தாலும் திரும்ப வருமா?” அடுத்த வாரமே பரிசோதனைக்கு வந்துவிட்டார்.

ஆகவே குமிழ்க்கர்ப்பம். முழுக் குமிழ்க்கர்ப்பம், பகுதிக் குமிழ்க்கர்ப்பம் என்று இரண்டு வகை. முத்துப்பிள்ளையை நீக்க வேண்டாம், பாட்டிமார் சொல்வது அதுதான். ‘குமிழ்க்கர்ப்பம் காண்க’ என்று போடலாம். ‘பகுதி’க்குப் பதில் ‘அரை’ மட்டும் வேண்டாம். அரை என்றால் ஆபத்தும் பாதிதான் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள்.