ஸ்டாம்ப் சேகரித்த ரூஸ்வெல்ட்: ஒரு ஃப்ரேமில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

கோவை_ஆல்பம்:

மாவட்டக் கண்காட்சிக்கு ஒரு ஃப்ரேம், 16 தாள். எடுத்துக்கொண்டது அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசியல் வாழ்க்கையும் அவருடைய ஸ்டாம்ப் சேகரிப்பும். மூன்று சந்தேகம். 200-க்கும் மேல் ஸ்டாம்ப் அவரே வடிவமைத்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், சரியா? கோந்தும் பல்லும் (ஓரத்துத் துளைகள்) இல்லாத 1935 ஸ்டாம்ப்கள் விற்பனைக்கு வருகின்றன, அவை ஒரிஜினலா, கழுவி வெட்டியதா? "ரூஸ்வெல்ட் சேகரிப்பிலிருந்து" என்று சொல்லி ஆல்பம் பக்கம் விற்கிறார்கள், எதை வைத்து நம்புவது?

பழைய_தபால்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 200-க்கும் மேல் என்பது அவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த வடிவங்களின் கணக்கு. அவரே பென்சிலால் வரைந்து கொடுத்தவை மிகக் குறைவு. தாளில் "வடிவமைத்தார்" என்று எழுதினால் நடுவர் அங்கேயே மார்க் குறைப்பார். "வரைந்தது", "யோசனை சொன்னது", "ஒப்புதல் தந்தது" என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

வரைந்ததில் மூன்றை வையுங்கள். 1933 அக்டோபரில் வந்த 3 சென்ட் பேர்ட் அண்டார்டிக் பயண ஸ்டாம்ப். 1934 ஆகஸ்டில் வந்த 16 சென்ட் ஏர்மெயில் ஸ்பெஷல் டெலிவரி, அமெரிக்க அரசு முத்திரையை நடுவில் வைத்தது. மூன்றாவது 1934-ன் 3 சென்ட் அன்னையர் தினம். விஸ்லர் தன் தாயை வரைந்த ஓவியத்தை வெட்டிச் சுருக்கி, இடது கீழ் மூலையில் இல்லாத ஒரு பூஞ்சாடியைச் சேர்த்துவிட்டார்கள். ஓவியர்கள் சங்கத்திலிருந்து கண்டனமே வந்தது. அசல் ஓவியத்தின் சிறிய படம் ஒன்றை அருகில் வைத்தால் வித்தியாசம் ஒரே பார்வையில் தெரியும்.

யோசனை சொன்னதில் முக்கியமானது 1943-44-ன் "ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகள்" வரிசை. போலந்தில் தொடங்கி கொரியாவில் முடியும் 13 கொடிகள், எல்லாம் 5 சென்ட். அரசு அச்சகத்தில் பல வண்ணக் கொடி அடிக்க வசதி இல்லாததால் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி அச்சடித்தது. அதனால்தான் ஓரத்தில் பிளேட் எண்ணுக்கு (அச்சுத் தகட்டின் எண்) பதில் நாட்டின் பெயர் இருக்கும். பெயருள்ள ஓரத்தோடு பிளாக்காக (பிரிக்காத நான்கு ஸ்டாம்ப்) வாங்குங்கள். கொரியா ஸ்டாம்பில் KOREA என்ற பெயரின் E உடைந்து P போலத் தெரியும் ஒரு பிழை உண்டு, அது கிடைத்தால் விடாதீர்கள்.

அரசியல் பகுதிக்கு அதிகம் இடம் வேண்டாம். 1882-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் பிறப்பு, 1910-ல் நியூயார்க் மாநில செனட், 1913 முதல் 1920 வரை கடற்படைத் துணைச் செயலர், 1920-ல் துணை அதிபர் வேட்பாளராகத் தோல்வி, 1921 ஆகஸ்டில் காம்போபெல்லோ தீவில் இளம்பிள்ளை வாதம், 1929 முதல் நியூயார்க் ஆளுநர், 1932, 36, 40, 44 என நான்கு அதிபர் தேர்தல் வெற்றி. இதெல்லாம் ஒரே தாளில் அடங்கும். 1921-ஐ மட்டும் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். நடக்க முடியாமல் போன வருடங்களில் அவர் ஆல்பத்தோடு செலவிட்ட நேரம்தான் சிறுவயதுப் பொழுதுபோக்கை வாழ்நாள் பழக்கமாக்கியது.

பல்லளவி:

இரண்டாவது கேள்வி. கோந்து இல்லாதது குறை அல்ல, அப்படித்தான் வெளியிட்டார்கள். கதை தெரிந்தால் பொருள் புரியும். போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் (தபால் துறைத் தலைவர்) ஜேம்ஸ் ஃபார்லி புது வெளியீடுகளின் முழு ஷீட்களைக் கோந்து தடவி பல் போடுவதற்கு முன்பே, முகவிலை கொடுத்து வாங்கி, ரூஸ்வெல்ட், அமைச்சர் இக்கஸ், உதவியாளர் லூயிஸ் ஹவ் போன்றவர்களுக்குப் பரிசளித்தார். காசு கொடுத்துத்தான் வாங்கினார், ஆனால் அது பொதுமக்களுக்குக் கிடைக்காத பொருள். ஒரு ஷீட் வெளியே வந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள், அமெரிக்க காங்கிரஸ் வரை போனது. பதிலாக 1935 மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அதே ஸ்டாம்ப்களை எல்லாருக்கும் விற்றார்கள். ஸ்டாம்ப்களுக்கு எண் கொடுக்கும் ஸ்காட் கேட்டலாக்கில் 752 முதல் 771 வரை, 20 எண்கள்.

இப்போது கவனிக்க வேண்டியது: 754-லிருந்து 771 வரை பல் இல்லை. 752, 753 இரண்டுக்கும் பல் உண்டு! ஒற்றையாக எடுத்தால் 752-ம், அதே ஸ்டாம்பின் முந்தைய சாதாரண வெளியீடான 727-ஐக் கோந்து கழுவியதும் ஒன்றுதான். 753-க்கும் 733-க்கும் இதே சிக்கல். எனவே இந்த இரண்டையும் ஒற்றையாக வாங்கவே வேண்டாம். நடுவில் கோடோ கட்டரோ (gutter, வெற்று இடைவெளி) உள்ள ஜோடியாக மட்டும் வாங்குங்கள், சாதாரண ஷீட்டில் அது வராது.

பல் இல்லாததில் ஏமாற்று வேறு மாதிரி. பல் உள்ள சாதாரண ஸ்டாம்பின் ஓரத்தை வெட்டிவிட்டு விற்பார்கள். அளந்தால் வடிவத்துக்கும் வெட்டுக்கும் நடுவே ஓரம் சுருங்கியிருக்கும். நான்கு பக்கமும் தாராளமான ஓரம், அல்லது ஜோடி, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

கோவை_ஆல்பம்:

நன்றி சார். 756-ல் ஒரு பிளாக் கோந்தோடு வருகிறது, விலையும் கூடுதல். போலியா?

பல்லளவி:

போலி என்று உடனே சொல்ல முடியாது. 1940-ல் தபால் துறை, 754 முதல் 771 வரையிலான முழு ஷீட்களை உரிமையாளர்கள் அனுப்பினால் கோந்து தடவிக் கொடுத்தது. ஆனால் பிற்பாடு யாரோ தடவிய கோந்தையும் அதையும் பிரித்தறிவது கடினம். இதற்கு அதிக விலை தராதீர்கள். கோந்தில்லாததுதான் கதைக்குப் பொருத்தம், நம் ஊர் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும் பயமும் இல்லை. கோந்து உள்ள மற்றவற்றுக்கு பிவிசி கவர் வேண்டாம், பாலியஸ்டர் மவுண்ட் போடுங்கள், ஃப்ரேமை வெளிச்சுவரில் சாய்க்காதீர்கள்.

ஹாங்காங்_கவர்:

மூன்றாவது கேள்வி. ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸில் இறந்தார். சேகரிப்பை 1946-ல் நியூயார்க்கில் எச்.ஆர். ஹார்மர் நிறுவனம் ஏலத்துக்கு விட்டது. 2 லட்சம் டாலருக்கும் மேல் போனது. பெரும்பாலானவை சாதாரண மதிப்புள்ளவை, விலை ஏறியது யாருடையது என்பதற்காக. பொருட்களில் அவர் பெயரும் ஹார்மர் பெயரும் உள்ள ரப்பர் முத்திரை குத்தியிருக்கும். முத்திரை மட்டும் போதாது, அதைச் செய்வது சுலபம். ஏல கேட்டலாக்கின் லாட் எண்ணையும் (ஏலப் பொருளின் வரிசை எண்) விவரிப்பையும் பக்கத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஹாங்காங் பிரிவை மட்டும் தனியாக ஒரு தாளில் காட்டலாம். அவருடைய தாய் சாரா சிறுமியாக 1862-ல் ஹாங்காங் போனவர். சாரா தொடங்கிய சேகரிப்பு அவர் தம்பி ஃபிரெடரிக்கிடம் போய், பிறகு ரூஸ்வெல்ட்டிடம் வந்தது. பிற்காலத்திலும் ஹாங்காங்கை இவர் விடவில்லை. விலை கட்டுப்படியாகாவிட்டால் அந்தக் கால விக்டோரியா ஸ்டாம்ப் ஒன்றிரண்டை வைத்தாலே போதும், அவருடையது என்று எழுதாமல்.

நினைவு வெளியீடுகள் சுலபம், மலிவு: அமெரிக்காவின் 1945-46 தொகுப்பில் 1, 2, 3, 5 சென்ட். 1 சென்ட்டில் ஹைட் பார்க் வீடு, 2 சென்ட்டில் வார்ம் ஸ்பிரிங்ஸ் வீடு. மொனாக்கோ 1947-ல் அவர் ஆல்பம் பார்ப்பதாக ஒரு ஸ்டாம்ப் போட்டது, அதில் இடது கைக்கு ஆறு விரல். பூதக்கண்ணாடிப் படமும் சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் யாரும் எண்ண மாட்டார்கள்.

கடைசித் தாளுக்கு 1945 ஏப்ரல் 25-ன் 5 சென்ட் ஸ்டாம்ப். சான்பிரான்சிஸ்கோ ஐக்கிய நாடுகள் மாநாடு தொடங்கும் நாளில் வெளியிடுவதற்காக அவரே ஒப்புதல் கொடுத்தது. அவர் இறந்ததால் வாசகத்தின் கீழே அவர் பெயரையும் சேர்த்து அச்சிட்டார்கள். தேதி முத்திரை தெளிவாக உள்ள ஃபர்ஸ்ட் டே கவராக (வெளியீட்டு நாள் முத்திரை குத்திய உறை) பாருங்கள், ஸ்டாம்ப் மட்டும் வைத்தால் அந்த 13 நாள் இடைவெளி தெரியாது.