எச்-ஆல்ஃபா தொலைநோக்கியில் வெறும் சிவப்பு வட்டம்தான் தெரிகிறது

வணக்கம் நண்பர்களே, பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது சூரியனைப் பார்க்கவென்றே செய்த 40 மி.மீ. எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜன் விடும் சிவப்பு ஒளியை மட்டும் காட்டும்) தொலைநோக்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆரம்பத்தில் விளிம்பில் எழும் பிழம்புகள் நன்றாகவே தெரிந்தன, ஒரு தடவை கரும்புள்ளிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கிளரொளி பளிச்சென்று வெடித்ததைக்கூடப் பார்த்தேன். தீபாவளிக்கு அப்புறம் எல்லாம் மங்கல். சிவப்பு வட்டம், லேசாகக் கரும்புள்ளி, அவ்வளவுதான்.

சூரியனின் நிறையில் முக்கால்வாசி ஹைட்ரஜன். அது 656.28 நானோமீட்டரில் விடும் ஒளி மட்டும்தான் உள்ளே வரவேண்டும், துளி நகர்ந்தாலும் பிழம்பு, கிளரொளி எல்லாம் காணாமல் போய்விடும் என்பதால் டியூனிங் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தாயிற்று. கண்வில்லையை மாற்றினேன், தலைமேல் கறுப்புத் துணி போட்டேன், புகைமூட்டம் இல்லாத காலையிலும் பார்த்தேன். அதே கதைதான். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டியின் ஓரமெல்லாம் துரு மாதிரி ஒரு படலம் (நம்ம ஊர் ஈரப்பதம் தெரியுமே!). கண்ணுக்கு ஆபத்து என்று இப்போதைக்கு மூடி வைத்திருக்கிறேன்.

அந்த வடிகட்டியை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா, இல்லை அலைநீளத்தைப் பிரிக்கும் எட்டலானே போய்விட்டதா, இதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?