புது லைனர், பிஸ்டன் போட்ட டீசல் என்ஜின்: லோடு எப்போது ஏற்றலாம்?

ஆறுசக்கரம்:
லாரி என்ஜினை இறக்கி முழு வேலையும் பார்த்தாகிவிட்டது. ஆறு சிலிண்டர், டர்போ உண்டு. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. "ஒரு நாள் முழுக்க ஐடிலிங்கில் விடு, அப்புறம் ஒரு மாதம் காலி வண்டியாகவே மெதுவாக ஓட்டு" என்கிறார் ஒருவர். இன்னொருவர் முதல் நாளே லோடு ஏற்றச் சொல்கிறார். இவ்வளவு செலவழித்த பிறகு யார் பேச்சைக் கேட்பது?

ஸ்பேனர்பிடித்தகை:
தம்பி, வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் மட்டும் நாள் முழுக்க விட்டுவிடாதீர்கள். புது ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், லைனரில், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் உறையில், தானாக உட்காராது. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் போய் அதை வெளியே தள்ள வேண்டும். ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்த்துக் கோடு போடுவது) போட்ட லைனருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். அவற்றின் கூர்மை தேயும்போதுதான் ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அதற்கான நேரம் ஆரம்பத்திலேயே கொஞ்சம்தான் கிடைக்கும். லோடு இல்லாமல் ஓடினால் அழுத்தமும் போதாது, சூடும் ஏறாது. சுவரில் ஆயில் கருகிப் படிந்து கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். அப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் வண்டி ஆயில் குடிக்கும். திரும்பப் பிரித்து ஹோனிங் போட்டு ரிங் மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்கு வரும் ஆயில் பைப்பைக் கழற்றி, சுத்தமான ஆயில் கொஞ்சம் விட்டு மாட்டுங்கள். டீசலை அடைத்துவிட்டு ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் டீசல். காய்ந்த பேரிங்கோடு முதல் வெடிப்பு விழக் கூடாது, இதில் அவசரமே வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் ஒழுகல் இருக்கிறதா, கூலன்டில் அடைபட்ட காற்று வெளியேறி அதன் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். சூடு ஏறியதும் ரோட்டுக்குப் போய்விடலாம். பாதி லோடு போதும். நடு ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து வேகம் ஏற்றுங்கள், பிறகு காலை எடுத்து கியரிலேயே வேகம் இறங்க விடுங்கள். இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மணிக்கணக்கில் ஒரே வேகம் வேண்டாம். பெரிய கியரில் என்ஜின் திணறத் திணற மேடு ஏற்றவும் வேண்டாம், ஒரு கியர் குறைத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலை:
அண்ணன் சொன்னதுதான் சரி. ஆயில் பற்றி மட்டும் சேர்க்கிறேன். முதலில் மினரல் 15டபிள்யூ-40 போதும், சிந்தெடிக் பிறகு பார்க்கலாம். மேனுவலில் வேறு கணக்கு இல்லையென்றால் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புப் பேப்பரை விரித்து வெயிலில் பாருங்கள். பொடிப்பொடியாகக் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால் பயமில்லை. தகடு தகடாக உரிந்து கிடந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளி அல்லது செம்பு நிறத்தில் இருந்தால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும், வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஆறுசக்கரம்:
ரொம்ப நன்றி. ரிங் உட்கார்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பேனர்பிடித்தகை:
தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் டிப் ஸ்டிக் பார்த்து எழுதி வையுங்கள். முதலில் ஆயில் கொஞ்சம் குறையும். குறைவது வரவர நின்றால் ரிங் பிடித்துவிட்டது. என்ஜின் சூடாக இருக்கும்போது, உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் பைப்பையும் கவனியுங்கள், அங்கே வரும் புகையும் குறைந்துகொண்டே வர வேண்டும். லோடு இழுத்து வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் சில நிமிடம் ஐடிலிங்கில் விட்டு டர்போ ஆறிய பிறகு நிறுத்துங்கள், இந்த ஐடிலிங் தப்பில்லை. முதல் ஆயில் மாற்றும்போதே டாப்பெட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) பார்த்துவிடுங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல்லி மேனுவலில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.