மலைநாட்டு மழைக்கு கியர் வயர் பிரேமுக்கு உள்ளேயா, வெளியேயா?

ஊவாக்காற்று:
நுவரெலியாவுல இருந்து ரம்பொடை வழியா கம்பளைக்கு ஓட்ட சைக்கிள் தேடுறவருக்கு, வயர் வெளியில ஓடுற பிரேம்தான் நல்லதுன்னு சில்லுக்காரன் எழுதியிருக்கிறார். என்னால ஒத்துக்க முடியாது. வெளியில ஓடுற வயர் பாதி தூரம் உறையில்லாம திறந்துதான் கிடக்கும். முன்சில்லு அடிக்கிற சேறு டவுன் டியூப்ல (ஹேண்டில் பக்கமிருந்து பெடலுக்கு இறங்குற குழாய்) வழிஞ்சு, பெடல் அச்சுக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் காடியில இறுகிடும். பின்னால பெரிய பல்லுக்கு (பல்சக்கரத்துக்கு) ஏத்தும்போது தெரியாது, கை பலமா இழுத்துடும். சின்னப் பல்லுக்கு விடும்போது செயினைப் பல்லு மாத்துற டீரெயிலரோட ஸ்பிரிங் மட்டும்தான் வயரை இழுக்கணும். அங்கதான் கியர் தடுமாறும்.

சில்லுக்காரன்:
நோய் சரி, மருந்து பிழை. லிவர்ல இருந்து டீரெயிலர் வரைக்கும் 4 மி.மீ. அவுட்டரை (வயருக்கு மேல போடுற உறை) முழு நீளத்துக்குப் போட்டு, டவுன் டியூப்ல ஜிப் டையால கட்டுங்க. காடியே தேவையில்ல. உள்ளே விட்டா, நுழையிற துளையில ரப்பர் தளர்ந்ததும் தண்ணி அவுட்டர் வழியாவே இறங்கி அச்சுப் பேரிங்ல தேங்கும். ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங் பகுதி) வழியா போறது இன்னும் மோசம்: மேல் பேரிங்கை மாத்த அதுக்குள்ள போற எல்லாத்தையும் கழட்டணும். எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கிற ஹைட்ரோலிக் பிரேக்னா பல பிரேம்ல எண்ணெய்க் குழாயை வெட்டி, திரும்ப எண்ணெய் ஏத்திக் காத்து எடுக்கணும். மே மாசத்துல தென்மேல் பருவமழை தொடங்கினா ஹட்டன் பக்கம் பேரிங் தாங்காதுங்க.

ஊவாக்காற்று:
ஹெட்செட் வழியை நானும் ஆதரிக்கல. டவுன் டியூப் துளையைத்தான் சொல்றேன். அச்சுக்கு அடியில வடிதுளை திறந்திருந்தா தண்ணி தேங்காது. வயர் மாத்துறதும் கஷ்டமில்ல: பழைய இன்னரை (உறைக்குள்ள ஓடுற கம்பி) உருவ முன்னால அது மேல மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கோர்த்துத் தள்ளுங்க, புது வயர் அதே வழியில போயிடும். குழாய் இல்லாம உருவிட்டுத்தான் பலர் மணிக்கணக்கா மல்லுக்கட்டுறாங்க.

தேயிலைமேடு:
அண்ணே, ரெண்டு பேரும் பின்பிரேக்கை மறந்துட்டீங்க. இறக்கத்துல உயிர் அதுலயும் இருக்கு. கியர் அவுட்டர்ல கம்பிகள் நீளவாக்குல இருக்கும். பிரேக்குக்குப் போட்டா அழுத்திப் பிடிக்கும்போது பிளந்துடும். பிரேக்குக்கு சுருள் கம்பி போட்ட 5 மி.மீ. அவுட்டர், 1.6 மி.மீ. இன்னர். கியர் இன்னர் 1.2. வெட்டின முனையை அரத்தால தட்டையா ராவி, நசுங்கின உள்குழாயை ஊசியால விரிச்சு, பிறகு தொப்பி போடுங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பார்த்துட்டு வெட்டுங்க. குட்டையா வெட்டினா திரும்பும்போது பிரேக் தானே பிடிக்கும்.

சில்லுக்காரன்:
தம்பி சொன்னதை அப்படியே ஏத்துக்கிறேன். துளை விஷயத்துல மட்டும் மாறமாட்டேன். பதுளைப் பக்கம் வருஷ நடுவுல காயும், ஹட்டன் பக்கம் அப்படியில்ல. உள்ளே விட்டே ஆகணும்னா அவுட்டர் துளைக்கு மேலே இருந்து நேரா இறங்கக்கூடாது. துளையை விடத் தாழ்வா வளைஞ்சு, பிறகு ஏறி நுழையட்டும். சொட்டு அந்த வளைவுலயே விழுந்துடும்.